பொய் சொல்லத் தெரியாதவர்

பொய்யே சொல்லாத மனிதர் என்று என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் தன் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் சாணார்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் தள்ளிக் கொன்றார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பேரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் திண்டுக்கல்லில் இருக்கிறார்கள், அவர்கள் பட்டது போதும்.

எண்பதுகளின் நடுவில் நான் பேகம்பூர் பக்கம் ஒரு ரேஷன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ரேஷன் கடைக்காரனுக்கு ஊரில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். எடையில் அடிப்பான், சீனியில் அடிப்பான், 'இருப்பு இல்லை' என்று பலகையில் எழுதிவிட்டு உள்ளே மூட்டையை அடுக்கி வைத்திருப்பான். அத்தனையும் உண்மை என்று சொல்ல மாட்டேன். அத்தனையும் பொய் என்றும் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட கடைக்கு ஒரு நாள் அவர் சீனிப் பையோடு திரும்பி வந்தார். வாங்கிப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வரிசையில் நின்றவர்களெல்லாம் சண்டை வரப்போகிறது என்று ஆசையோடு வழிவிட்டார்கள். நானும் சண்டைக்குத் தயாராகிக்கொண்டேன்.

"தம்பி, நூறு கிராம் கூட வந்திருக்கு" என்றார்.

"கூடத்தானே வந்திருக்கு? வச்சுக்கங்கண்ணே. கொறஞ்சாத்தான் வரணும்."

"கொறஞ்சாலும் தப்பு, கூடுனாலும் தப்பு. எடுத்துக்கங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் அந்த நூறு கிராமைத் தராசில் வைத்து நிறுத்து மூட்டையில் கொட்டும்வரை அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் என்னை அவமானப்படுத்த வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவருக்கு வேலை ஒரு தோல் ஷாப்பில். பச்சைத் தோலைப் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம். அய்யலூர்ச் சந்தைப் பக்கமிருந்து வியாபாரிகள் ஆட்டுத் தோலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். அதைத் தரம் பிரிக்கிறவர் இவர். நான் ஒரு தடவை வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்தேன். தோலை ஒரு மரப்பலகை மேல் விரிப்பார். கழுத்திலிருந்து வால் வரைக்கும் பெருவிரலால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். 'ஒண்ணு' என்பார், 'ரெண்டு' என்பார், 'மூணு' என்பார். உண்ணி கடித்த ஓட்டையோ கத்தி பட்ட கீறலோ அம்மைத் தழும்போ இருந்தால் 'கழிவு' என்பார். தோல் அந்தந்தக் குவியலுக்குப் போய்விடும்.

"அண்ணே, இன்னொரு தடவ பாருங்கண்ணே. வெளிச்சத்துல பாருங்க" என்று வியாபாரி கெஞ்சுவான்.

"பாத்தாச்சு" என்பார்.

இந்தப் 'பாத்தாச்சு' அவருடைய வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. கோபமாகச் சொல்ல மாட்டார், அலுப்பாகவும் சொல்ல மாட்டார். கடியாரத்தைப் பார்த்து மணி சொல்கிற மாதிரி சொல்வார். கழிவு என்று தள்ளிய தோலை அடுத்த வாரம் நல்ல தோல் நூற்றுக்கு நடுவில் செருகிக் கொண்டுவந்து சோதித்தவர்கள் உண்டாம். மறுபடியும் அது கழிவுக்கே போனது என்று தோல் ஷாப்பில் பெருமையாகச் சொல்வார்கள். இருபது வருடத்தில் அவர் ஒரு தோலை இரண்டாம் தடவை கையில் எடுத்ததே இல்லையாம்.

தோலிடம் காட்டிய அதே முகத்தைத்தான் மனிதர்களிடமும் காட்டினார். அவரோடு வேலை பார்த்த ஒரு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் பையனைப் பற்றி விசாரிக்க இவரிடம் வந்தார்கள். இவர், "பையன் நல்லவன். நல்லா வேல பாப்பான். குடிப்பான்" என்றார். கல்யாணம் நின்றுபோனது. பையனின் அம்மா இவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இவர் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கேட்டாக, சொன்னேன்" என்றதைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு அவர் மனைவிதான் அந்த அம்மா வீட்டுக்குப் போய் அழுது, சமாதானம் பேசி, காப்பி குடித்துவிட்டு வந்தார்.

அந்த மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவரை அண்ணே என்றதால் வந்த முறை. மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேசத் தெரியும். சிரிக்கத் தெரியும். அவர் வரிசையில் நின்றால் மண்ணெண்ணெய் வராத நாளில்கூட எங்களைத் திட்டுகிற சத்தம் குறையும்.

"இவுகளக் கட்டி பதினஞ்சு தீவாளி போச்சு தம்பி" என்று ஒரு முறை சொன்னார். "புதுச்சேல கட்டிட்டு வந்து நிப்பேன். நல்லாருக்கான்னு கேப்பேன். ஒரு தீவாளிக்காச்சும் நல்லாருக்குன்னு சொல்லணுமே! 'கலர் பத்தாது'ம்பாக. 'கர கோணலா இருக்கு'ம்பாக. நானும் கேக்கறத விடல, அவுகளும் உள்ளதச் சொல்றத விடல."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு பெண் தன் புருஷனின் குறையை இத்தனை செல்லமாகச் சொல்ல முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

அவருடைய அம்மா இறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் கடைப் பதிவேட்டில் இறந்துபோனவர்கள் நிறையப் பேர் மாதம் தவறாமல் சீனி வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒருவர் செத்தால் கார்டிலிருந்து பேரை எடுக்க யாரும் வர மாட்டார்கள். தலைக்கு அரைக்கிலோ சீனி, யார் விடுவார்கள்? எங்களுக்கும் அது தெரியும், தெரிந்தும் கேட்க மாட்டோம். அவர் மட்டும் காரியம் முடிந்த மறுநாளே மொட்டைத் தலையோடு கார்டைக் கொண்டுவந்து, "எங்கம்மா பேர எடுக்கணும். என்ன எழுதணும்?" என்று கேட்டார். நான் மேஜை இழுப்பறையிலிருந்து சைக்ளோஸ்டைல் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பேர், வயது, நீக்கக் காரணம். காரணம் என்ற கட்டத்தில் குண்டு குண்டான எழுத்தில் 'இறப்பு' என்று எழுதி, அவரே தாலுகா ஆபீசுக்குப் போய்க் கார்டில் அம்மா பேர் மேல் சிவப்பு மையில் கோடு போடவைத்து, சீல் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் படிவத்தை நான் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

எங்கள் கடையில் எடை போடுகிறவர் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதுக்காரர். ஒரு நாள் அவர் பையை நீட்டியபோது இவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கைக்குக் கீழே வெளிறிப்போய் ஒரு வட்டம். பெருவிரலை அதில் வைத்து அழுத்தினார்.

"தொட்டாத் தெரியுதா?"

"இல்லையே."

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த நோவுதான்."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். எடைக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஆனால் ஆஸ்பத்திரியிலும் தொழுநோய் என்றுதான் சொன்னார்கள். ஆரம்பத்திலேயே வந்ததால் மாத்திரையிலேயே குணமாகிவிடும் என்றார்கள், அப்படியே குணமும் ஆனது. எடைக்காரர் அதற்குப் பிறகு இவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். எங்கள் தெருவே அந்தப் பெருவிரலுக்குக் கோயில் கட்டாத குறைதான். நானும் சட்டைக் காலரை இறக்கி என் கழுத்தைக் காட்டினேன். "தேமல்" என்றார். நிம்மதியாகத் தூங்கினேன். டாக்டர் சொன்னால்கூட அப்படித் தூங்கியிருக்க மாட்டேன்.

இப்போது யோசித்தால் அங்கேதான் தொடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால் அவர் ஆட்டுத் தோலை மட்டுமே பார்த்தார். ஒரு நாள் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவருடைய பெருவிரல் அவளுடைய முழங்கையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. "கூசுதுப்பா" என்று அவள் நெளிந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, விடவும் இல்லை. பிள்ளை மேல் எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வந்தார்.

"தம்பி, அந்தப் படிவம் ஒண்ணு குடுங்க. மூணு பேரு பேர எடுக்கணும்."

மனைவியின் பேர், பெரியவள் பேர், சின்னவள் பேர். வயதும் எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் கை எழுதும்போது நின்று நான் பார்த்ததில்லை.

"எங்கண்ணே போறாக?"

"சாணார்பட்டிக்கு."

மதினியின் பிறந்த வீடு அங்கேதான். அவருடைய அப்பாவுக்குப் பூந்தோட்டம் இருந்தது.

"எப்ப வருவாக?"

"வர மாட்டாக தம்பி."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு, பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார், அதை எழுத அவருக்கு மனம் வரவில்லை. பாவம், இவ்வளவு நல்ல மனிதருக்கு இப்படியா என்று இருந்தது. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி அந்தக் கட்டத்தில் நானே 'குடிபெயர்வு' என்று எழுதினேன். போகிற முகவரியை எழுதாவிட்டால் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள் என்று, தெரிந்தவர் என்பதாக ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அந்த வார்த்தையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினது" என்றார்.

"ஆமாண்ணே, நான்தான் எழுதுனேன். தலையா போயிரும்? கையெழுத்தப் போடுங்க."

போட்டார். அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைய தேதிக்கு அது பொய்யாக இருந்திருக்கும், அதனால்தான் எழுதவில்லை. நான் மட்டும் குறுக்கே போகாமல் இருந்திருந்தால், ஆபீசில் யாராவது அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டிக் காரணம் கேட்டிருப்பார்கள். கேட்டால் அவர் சொல்லியிருப்பார். கேட்டதற்குச் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மதினி கார்டோடு வந்தார். நாலு பேருக்கு இரண்டு கிலோ சீனி வாங்க. கார்டைத் திறந்தேன். மூன்று பேருடைய பேர் மேலும் சிவப்புக் கோடு, பக்கத்தில் வட்ட சீல். மை புதிதாக இருந்தது.

"மதினி, ஊருக்குப் போறீகளாமே?"

"யாரு சொன்னா? சனிக்கெழம எங்கப்பா தோட்டத்துக்குப் போறோம். அவுகளும் லீவு போட்டுட்டு வாராக, அதிசயமா! ஒரு நா சோலிதான், பொழுதுசாய வந்துருவோம்."

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அண்ணன் திரும்பக் கூட்டி வரப் போவதில்லை என்பது மதினிக்குத் தெரியாது, அதை ரேஷன் கடையில் வைத்து நான் ஏன் சொல்ல வேண்டும்? அடுத்த வீட்டுச் சமாச்சாரம். பின்னால் வரிசை வேறு முணுமுணுத்தது. அரைக்கிலோவுக்குப் பில் போட்டேன்.

"ஏந்தம்பி அரைக்கிலோ?"

"கார்டுல ஏதோ மாத்தியிருக்காக மதினி. அண்ணன்கிட்ட கேளுங்க."

அவர் கார்டைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார். தன் பேர் மேலேயே விரல் இருந்தது. அது தன் பேர் என்று அவருக்குத் தெரியாது.

"அவுக மாத்துனா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எடைக்காரர் என்னைப் பார்த்தார். இரண்டு கிலோ கொடுத்திருக்கலாம், செத்தவர்கள் கணக்கில் வேண்டிய சீனி கிடந்தது. ஆனால் கொடுத்தால் அண்ணன் மறுநாளே ஒன்றரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசை முன்னால் என் மானத்தை வாங்குவார் என்று பயந்தேன். மதினி அரைக்கிலோ சீனியோடு போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொன்னார். அவர்கள் முதலில் நம்பவில்லை. அவருடைய வேட்டிகூட நனையவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். மறுநாள் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மதினியின் நடத்தையைப் பற்றிக்கூட ஒருவன் வாய் வைத்தான். எடைக்காரர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த வியாழக்கிழமை நான் வாயைத் திறந்து, "மதினி, உங்க மூணு பேரு பேரையும் அடிச்சிட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று உயிர் பிழைத்திருக்குமோ? இதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. சோறு இறங்கவில்லை. என் மனைவி மந்திரித்துத் திருநீறு போடக் கூட்டிப் போனாள்.

வழக்கில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். படிவத்தைக் காட்டி, காரணக் கட்டத்தில் எழுதியது யார் என்று கேட்டார்கள். கார்டுதாரர் எழுத வேண்டியதை நான் எழுதியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று கடையில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். "அவர்தான் எழுதினாருங்கய்யா" என்றேன்.

கூண்டிலிருந்து குரல் வந்தது. "அது நான் எழுதலீங்கய்யா. அந்தத் தம்பி எழுதுனது. மத்ததெல்லாம் நான் எழுதுனது."

மூன்று கொலை செய்தவர் உண்மை சொல்ல, நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு நின்றேன். நீதிபதி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்காது. ஒப்புக்கொண்டேன். வேலை போகவில்லை, மெமோவோடு விட்டுவிட்டார்கள்.

அவருடைய வக்கீல் அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். இவரும் பின்னாலேயே கிணற்றில் குதித்தார், நீச்சல் தெரிந்ததால் பிழைத்தார் என்று சொல்லிப் பார்த்தார். "நான் குதிக்கல" என்றார் இவர். வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, "மூணு பேரு தோல்லயும் அந்த நோவு விழுந்திருச்சு. நாளைக்கு ஊரு கழிச்சுக் கட்டிரும். நானே பாத்தேன்" என்றார். உடல்களைச் சோதித்த டாக்டரும் வந்து சொன்னார். அந்த நோய் மூவருக்குமே இல்லை. பிள்ளைகளுக்கு இருந்தது வெறும் தேமல். அந்த அம்மா கையில் இருந்தது எண்ணெய் தெறித்த பழைய தழும்பு.

"டாக்டரு சொன்னது கேட்டுச்சா? நீ திரும்ப ஒரு தடவ பாத்திருக்கலாமே?" என்று நீதிபதி கேட்டார்.

"பாத்தாச்சுங்கய்யா."

எனக்கு அந்த மனிதர் மேல் முதல் தடவையாகப் பயம் வந்தது. பிறகு ஆயுள் தண்டனை விழுந்தது, சிறையிலேயே செத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கே மத்தியானம் அவரைக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். என்னைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார், வீட்டுக்கு வந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி.

"எங்க எடைக்காரருக்குக் குணமாயிருச்சே. நீங்கதானண்ணே கண்டுபிடிச்சீங்க. அப்படியே நோவுன்னாலும் மாத்திர இருக்கேண்ணே."

"நோவு தீரும் தம்பி. விழுந்த தோலு மொதத் தரத்துக்கு வராது."

அதற்கு மேல் அந்தப் பேச்சைப் பேச எனக்குத் தெம்பில்லை. நான் கேட்க வந்தது வேறு. அதைக் கேட்டால் ஒன்று நான் பிழைப்பேன், இல்லை சாகும்வரை தூங்க மாட்டேன் என்று தெரிந்தே கேட்டேன்.

"அன்னைக்கு மதினி சீனி வாங்கிட்டு வந்தாங்கள்ல. ஏன் அரைக்கிலோன்னு உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேன். சனிக்கெழமைக்கு மேல ஒங்க மூணு பேருக்கும் சீனி தேவப்படாதுன்னேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கு மதினி என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா. 'அப்பச் சரி, எங்களுக்குக் கருப்பட்டி வாங்கியாந்துருங்க'ன்னா."

உள்ளே கூப்பிட்டார்கள். போலீஸ்காரர் அவரை எழுப்பினார். நாலடி போனவர் சொல்ல விட்டுப்போனதைச் சொல்கிறவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"வாங்கிக் குடுத்தேன் தம்பி. ரெண்டு நாளும் அதுலதான் காப்பி போட்டா."